நாலாவது டப்பா

மார்ச் 4

காலையிலேயே நாடாப்புழு ஆய்வுக்காக ஒரு பன்றிப் பண்ணை. பதினோரு பன்றிகளின் நாக்கைத் தடவிப் பார்த்தேன். மூன்றின் அடிநாக்கில் அரிசி அளவு கட்டிகள். நாடாப்புழுவின் முட்டையைத் தின்ற பன்றிக்கு அப்படித்தான் வரும். பண்ணைக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. சமாதானமாக, அவர் சுட்டுக் கொடுத்த கறியை மறுக்காமல் சாப்பிட்டேன். வெந்திருக்கிறதா என்று பிட்டுப் பார்ப்பது மரியாதையாக இருக்காது. உபசாரத்தை மறுத்தால் அடுத்த முறை கதவு திறக்காது என்று களப்பணிக் கையேட்டில் எழுதியதே நான்தான். பன்னிரண்டு வருடமாக இதே மரியாதை.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் எல்லோரையும் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். மகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கை போலீஸ்.

மார்ச் 6

என் வீட்டுக்காரருக்கு வெள்ளரிக்காய் நறுக்கி டப்பாவில் கட்டிக் கொடுத்தேன். இந்த வீட்டில் கறி தொடாத ஒரே ஆள். நாளெல்லாம் பஸ் ஓட்டுகிற சூட்டுக்கு அது வேண்டும் என்பார். சமையல் முழுக்க அவர் அம்மா, என் அத்தையின் ராஜ்ஜியம். அவருக்காக என் கையால் நான் செய்வது இது ஒன்றுதான்.

மார்ச் 19

டிப்போவில் அவருக்கு வலிப்பு. வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா அறுபது பேரு ஏறி உட்கார்ந்திருப்பாங்க. எழுத முடியல.

மார்ச் 21

ஸ்கேன். மூளையில் மூன்று நீர்க்கட்டிகள், ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு புள்ளி, இளம்புழுவின் தலை. நரம்பு டாக்டர் பொறுமையாக எனக்குப் பாடம் எடுத்தார்.

"இது கறி சாப்பிட்டு வர்றது இல்லம்மா. குடல்ல நாடாப்புழு இருக்கிற யாரோட கை மூலமாவோ, புழுவோட முட்டை சாப்பாட்டுல சேர்ந்து வர்றது. வீட்டுலயே அந்த ஆள் இருக்கலாம்."

அவர் மேசைமேல் கிடந்த துண்டறிக்கையில் இருக்கும் வாக்கியங்கள் அவை. கீழே எழுதியவர் பெயர் இருந்தது. என் பெயர். நான் சொல்லிக்கொள்ளவில்லை, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

கட்டிகளுக்கு மாத்திரை உண்டு. நீண்ட நாள் வலிப்பு வராமல் இருந்தால் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். அதுவரை டிப்போவில் டிக்கெட் கட்டுகளை அடுக்கும் வேலை. ஆனால் புழுவை வைத்திருக்கும் ஆளைக் கண்டுபிடிக்காமல் மாத்திரை விழுங்கி என்ன பிரயோஜனம்? நாளைக்கு மகளுக்கும் வருமே.

மார்ச் 24

மூன்று டப்பா வாங்கி வந்தேன். அவருக்கு, மகளுக்கு, அத்தைக்கு. மலம் பரிசோதிக்க வேண்டும் என்றேன். சந்தேகம் அத்தைமேல்தான், மறைப்பானேன். கறி அரைவேக்காடாக இருந்தால்தான் ருசி என்பவர்; குடலுக்குள் புழு போவது அந்த வழியாகத்தான். கை கழுவச் சொன்னால், நான் என்ன ஆஸ்பத்திரியிலா சமைக்கிறேன் என்று கேட்பவர். டப்பாவை நீட்டியபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மார்ச் 25

மூன்றும் தயார். அத்தை தன்னுடையதை மூன்று பையில் சுற்றி, என் முனைவர் பட்ட ஆய்வேட்டின்மேல் வைத்திருந்தார். வேண்டுமென்றேதான்.

மார்ச் 28

மூன்றிலும் ஒன்றுமில்லை. இன்னொரு முறை பார்க்கும்படி லேப் டெக்னீஷியனிடம் சொன்னேன். அத்தையுடையதை மட்டும். அப்போதும் ஒன்றுமில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். எனக்கு ஏமாற்றம் என்பது குரலிலேயே தெரிந்திருக்க வேண்டும். அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்:

"வீட்டுல நாலு பேரு இருக்கோம். டப்பா மூணுதானே வாங்கிட்டு வந்தே?"

நான் ஆராய்ச்சி செய்கிறவள் அத்தை, என்று ஆரம்பித்தேன்.

மார்ச் 29

நாலாவது டப்பா. பெயர் எழுதவில்லை, எண் மட்டும்.

ஏப்ரல் 1

டெக்னீஷியன் வேகவேகமாக வந்தார். "மேடம், அந்த நாலாம் நம்பர் ஆளுக்கு இருக்கு. அவங்கள சமையல் பக்கம் போகவேண்டாம்னு உடனே சொல்லிடுங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

பண்ணையில் கையுறை, லேபில் கையுறை, எல்லா இடத்திலும் சோப்பு. வீட்டில்? காலை அவசரத்தில் கழிவறையிலிருந்து நேரே சமையலறை. நம்ம கைதானே என்று பேருக்குக் கொஞ்சம் தண்ணீர். அப்புறம் வெள்ளரிக்காய். ஐயோ, தினம் தினம் நானே கட்டிக் குடுத்தேனே.

ஏப்ரல் 2

அவரிடம் சொல்லிவிட்டேன். முதலில் எனக்குள் இருக்கும் ஆய்வாளர்தான் பேசினார்: கட்டி வளர வருடக்கணக்கில் ஆகும், வெளியே எங்கேயோ சாப்பிட்டதாகவும் இருக்கலாம், உறுதியாக நிரூபிக்க வழியில்லை. அவர் முழுவதையும் கேட்டார்.

"கறிய நான் தொட்டதே இல்ல. தின்னது நீ, பூச்சி என் தலையில."

பிறகு, நிஜமாகவே நிரூபிக்க முடியாதா என்று கேட்டார்.

"முடியாது. ஆனா நான்தான்."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அத்தை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 8

மருந்து சாப்பிட்டேன். துண்டு துண்டாக வெளியே வந்ததைச் சேர்த்து அளந்தால் இரண்டரை மீட்டர். டெக்னீஷியனுக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு நல்ல மாதிரி கொடுத்தவருக்குக் கடிதம் போட்டு நன்றி சொல்ல வேண்டுமாம். எனக்கும் தலையில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. அதற்குக்கூட வெட்கமாக இருந்தது.

மே 30

சமையலறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. வெளியிலிருந்து வந்தால் அத்தை குழாயடியில் நின்று கையை நீட்டச் சொல்கிறார், நகம் உட்பட. கை போலீஸ் பட்டம் அவருக்கு மாறிவிட்டது.

ஜூலை 12

மறுபரிசோதனையிலும் எனக்கு ஒன்றுமில்லை. கையேட்டின் புதிய பதிப்பில் உபசாரம் பற்றிய பத்தியை எடுத்துவிட்டேன். 'வீட்டில் உள்ள அனைவரையும் பரிசோதிக்கவும்' என்ற வரியில் 'ஆய்வாளர் உட்பட' என்று சேர்த்தேன். இரண்டு சொற்கள், பன்னிரண்டு வருடம்.

செப்டம்பர் 3

அவருடைய ஸ்கேனில் இரண்டு கட்டிகள் மறைந்துவிட்டன. மூன்றாவது சுருங்கியிருக்கிறது. பஸ் இன்னும் இல்லை, டிக்கெட் கட்டுதான்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பியவர் வாசலில் நின்றார்.

"வெள்ளரிக்கா இல்லையா?"

ஐந்து மாதமாக இந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத சொல். அத்தை என்னைப் பார்த்தார். கத்தியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, சமையலறையை விட்டு வெளியே போனார்.

சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினேன். மறுபடியும் கழுவினேன். நறுக்கிக் கட்டிக் கொடுத்தேன்.

அவர் அங்கேயே டப்பாவைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். என் கையைப் பார்க்கவில்லை.