மூச்சை எண்ணும் ஊர்

தலைநகரம், ஆவணக் கூடம்
விதைப்பு மாதம், 6

அன்புள்ள அக்காவுக்கு,

பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ இதை அடுப்பில் போடாமல் இருந்தாலே எனக்குப் போதும். நாங்கள் மூவரும் நலம். கைக்குழந்தையாய் நீ பார்த்த உன் மருமகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வீட்டில் அவள் பெயர் வாயாடி. அவள் உன்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று என் மனைவி சொல்கிறாள்.

எழுதக் காரணம் இருக்கிறது. நம் ஊரின் வரலாற்றை எழுதும் வேலையைப் பேரவை என்னிடம் தந்திருக்கிறது. மலைக்கடியில் தூங்கும் அந்தப் பேருருவம் புரண்டு புரண்டு மூன்று முறை இடித்த ஊர் அது. அதை அதே இடத்தில் இருக்க விடுவதா, பதினோராயிரம் பேரையும் சமவெளிக்குக் கொண்டுபோய்விடுவதா என்று அறுவடை மாதம் முடிவு செய்யப்போகிறார்கள். என் நூலை வைத்துத்தான் அந்த முடிவு.

முதல் இரண்டு புரளல்களைப் பற்றி இங்கே உருப்படியாக ஒன்றும் இல்லை. 'துயில்கொள்ளும் பேருருவம் அசைந்ததால் ஊர் அழிந்தது' என்று ஒரே ஒரு வரி. உனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பு. மூன்றாவதைப் பற்றி நானே எழுதிக்கொள்கிறேன்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

என்றும் உன்
தம்பி


மூச்சறை, மலையடி
விதைப்பு மாதம், 19

தம்பிக்கு,

அடுப்பில் போடத்தான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அடுப்பு அணைந்திருந்தது. பிழைத்தாய். முழங்கால் வலி இடது காலிலிருந்து வலது காலுக்குக் குடிபோயிருக்கிறது. மற்றபடி சுகம்.

துயில்கொள்ளும் பேருருவமாம்! இங்கே அவன் இன்னும் தூங்குமூஞ்சிதான். அரக்கன் என்றாலும் நம் வீட்டு அரக்கன். அவன் உடம்புச் சூட்டில்தான் நம் மண் வெதுவெதுப்பாக இருக்கிறது. பக்கத்து ஊர்களில் பயிர் பனியில் கருகும்போது நாம் இரண்டு போகம் எடுக்கிறோம். ஏன் போகமாட்டோம் என்று கேட்பவர்களுக்கு இதை முதல் பக்கத்தில் எழுது.

முதலில் வந்தவர்கள் பனிக்குப் பயந்து ஓடிவந்தவர்கள். கீழே ஒருவன் படுத்திருப்பது தெரியாமல், ஏழு தலைமுறைக்கு நிற்கவேண்டும் என்று பெரிய பெரிய கல்வீடுகளாகக் கட்டினார்கள். நாற்பதாவது வருடம் அவன் புரண்டான். பாதிப் பேர் கல்லுக்கடியில். மீந்தவர்கள் மேட்டு வயலில் உட்கார்ந்து அழுதார்கள். அழுது முடித்ததும், எந்த வீடு நிற்கிறது என்று போய்ப் பார்த்தார்கள். கூடை முடைகிறவரின் மூங்கில் வீடு மட்டும் நின்றது. அடுத்த ஊரை மூங்கிலில் கட்டினார்கள்.

இரண்டாவது புரளலில் யாரும் நசுங்கவில்லை. ஆனால் அடுப்புகள் சாய்ந்து ஊரே எரிந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் அடுப்பு வேண்டாம் என்று தெருவுக்கு ஒரு பொது அடுப்புக் குழி வந்தது. அந்தச் சமயத்தில்தான், துணி வெளுக்கும் ஒரு பெண் தன் தொட்டித் தண்ணீரில் எப்போதும் விழும் வளையம் அன்று காலையில் விட்டுவிட்டு விழுந்ததைச் சொன்னாள். அந்த வளையம் தூங்குமூஞ்சியின் மூச்சு. அவன் புரளுவதற்கு முன் மூச்சு தடுமாறுகிறது. அப்படித்தான் மூச்சறை வந்தது, மணி வந்தது. தரையில் பதித்த கல்தட்டில் தண்ணீர், ஒரு வளையத்துக்குச் சரத்தில் ஒரு பாசிமணியை நகர்த்து. நாழிகைக்குப் பதினொன்று வந்தால் நிம்மதி. மூன்று முறை தவறினால் ஊர் மணியை அடி. இதெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீயும் அங்கே உட்கார்ந்தவன்தான்.

ஒவ்வொரு புரளலுக்குப் பிறகும் ஊர் மேட்டு வயலில் கூடி, எங்கே தவறினோம் என்று ஏட்டில் எழுதுகிறோம். என்ன என்று எழுதுவோம், யார் என்று எழுதமாட்டோம். அதுதான் நம் வரலாறு.

மூன்றாவதைப் பற்றி நீ என்னிடம் கேட்கவில்லை. சரி, எழுது. எழுதி எனக்கு அனுப்பு.

அக்கா


தலைநகரம், ஆவணக் கூடம்
களை மாதம், 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதை அப்படியே நூலில் சேர்த்துவிட்டேன். கூடை முடைகிறவர் வீட்டைப் பற்றிய பகுதியைப் பேரவைத் தலைவர் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பழைய தளபதி அவர், லேசில் எதையும் பாராட்டமாட்டார்.

மூன்றாம் அத்தியாயத்தின் பிரதி இத்துடன் இருக்கிறது. சுருக்கமாகத்தான் எழுதியிருக்கிறேன். 'நண்பகலில் மூச்சு தடுமாறியது. மணிக்கயிறு இற்றுப்போயிருந்ததால் எச்சரிக்கை தாமதமாயிற்று. கீழ்த்தெருவில் முப்பத்தோரு பேர் இறந்தனர்.' இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது? பிழை இருந்தால் திருத்து. நாட்கள் குறைவு, சீக்கிரம் பதில் போடு.

வாயாடி உனக்கு ஒரு படம் வரைந்து அனுப்புகிறாள். தூங்குமூஞ்சிக்கு மீசை வைத்திருக்கிறாள்.

தம்பி


மூச்சறை, மலையடி
களை மாதம், 24

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தபோது கயிறுக்காரர் இங்கேதான் இருந்தார். உனக்கு அவரை நினைவிருக்கும். அன்றைய மணிக்கயிறும் அவர் திரித்ததுதான். வந்தது உன் கடிதம் என்ற சந்தோஷத்தில் நான் சத்தமாகவே படித்துவிட்டேன். அந்த வரி வந்ததும் நிறுத்தத் தெரியவில்லை, வாய் தானாகப் படித்து முடித்துவிட்டது. அவர் எழுந்து வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் தோளில் அந்தப் பழைய கயிறு. இடிபாட்டிலிருந்து எடுத்துப் பன்னிரண்டு வருடமாகப் பரணில் வைத்திருந்தாராம்.

"இழுத்துப் பாருக்கா. நல்லா பலமா இழு."

நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கயிறு முறுக்கு விடவில்லை. என் உள்ளங்கைதான் தேய்ந்தது.

"இத்துப்போச்சாமே? எங்க இத்துப்போச்சுன்னு உன் தம்பிய வந்து தொட்டுக் காட்டச் சொல்லு."

நான் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன். அவரே மேலும் சொன்னார்: "ஓடினதுக்கு நான் கோவிச்சுக்கல. அன்னிக்கு என் பொண்டாட்டி கீழ்த்தெருவுல இருந்தா. நான் அந்த அறையில உக்காந்திருந்தாலும் மணியை விட்டுட்டு அவளப் பாக்கத்தான் ஓடியிருப்பேன். ஆனா என் கயிறு மேல ஏன்க்கா பழியப் போடுறான்?"

ஆமாம் தம்பி. அவருக்குத் தெரியும். எனக்கு அன்றைக்கே தெரியும். வீட்டுக் குடத்துத் தண்ணீர் நடுங்குவதைப் பார்த்து நான் மலையடிக்கு ஓடிவந்தேன். அறையில் உன் செருப்பு மட்டும் கிடந்தது. மணியை அடித்தது நான். நீ மனைவியையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு மேட்டு வயலுக்கு ஓடியதை ஊரே பார்த்தது. ஏழாம் நாள் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாய். எட்டாம் நாள் ஏட்டில் என்ன எழுதினோம் என்று உனக்குத் தெரியாது. இப்போது படி:

'மணி தாமதமாக அடித்தது. எண்ணுகிறவர் முதலில் தன் வீட்டுக்கு ஓடினார். வீடு வாசல் உள்ள ஒருவரை அந்த அறையில் தனியாக உட்காரவைத்தது ஊரின் தவறு. இனி எப்போதும் இருவர்.'

அன்றிலிருந்து இருவர். ஒருவர் ஓடினாலும் ஒருவர் அடிப்பார். நீ ஓடியதிலிருந்து கூட இந்த ஊர் ஒன்றைக் கற்றுக்கொண்டது. நீதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாய்.

அந்த வரியை மாற்று. கயிறு இற்றுப்போகும்வரை பார்க்காமல் இருந்த ஊர் என்றுதான் உன் பேரவை நினைக்கும். அப்படி ஒரு ஊர் இங்கே இல்லை.

மீசை பொருத்தமாக இருக்கிறது. அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

அக்கா


மூச்சறை, மலையடி
கதிர் மாதம், 20

தம்பிக்கு,

பதில் இல்லை. கோபமா, வெட்கமா? எதுவானாலும் இருக்கட்டும்.

இங்கே மூச்சு சரியில்லை. பத்து, ஒன்பது, மறுபடி பதினொன்று. ஐந்தாம் தேதி மூன்று முறை தவறியது, மணியை அடித்தோம். ஊர் முழுவதும் மூன்று நாள் மேட்டு வயலில் கிடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ரொட்டிக்காரர் புளித்த மாவெல்லாம் வீண் என்று என்னைத் திட்டித் தீர்த்தார். பேரவையின் தூதர் ஒருவரும் அப்போது இங்கே இருந்தார். "இப்படித்தான் அடிக்கடி ஊரைக் காலி பண்ணுவீங்களா?" என்று சிரித்தார்.

"ஆமா, அடுத்த தடவையும் பண்ணுவோம். நீங்க இருந்தீங்கன்னா உங்களையும் சேத்துத்தான்" என்றேன்.

சிரிப்பு நின்றது. அவர் அங்கே வந்து என்ன சொல்வார் என்று தெரியாது. எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

அக்கா


தலைநகரம்
அறுவடை மாதம், 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களையும் ஒளித்து வைத்திருந்தேன். நேற்று பேரவைக்குக் கிளம்பும்போது என் மனைவி அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருடத்தில் அந்த நாளைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கயிறுக்காரர் பொண்டாட்டிதான் எனக்குப் பிரசவம் பாத்தாங்க. தெரியுமில்ல?" என்றாள்.

"தெரியும்."

"மணி அடிக்கறதுக்கு முன்னாடியே நீங்க எப்படி வீட்டுக்கு வந்தீங்கன்னு எனக்கு அன்னிக்கே புரிஞ்சுது. கேக்கல. புள்ளையக் கையில வெச்சுக்கிட்டு எப்படிக் கேக்கறது? ஆனா அந்தம்மா செத்ததுக்கு அவங்க புருஷன் திரிச்ச கயிறுதான் காரணம்னு எழுதிட்டு, நீங்க இங்க உக்காந்து சாப்பிடுறீங்களே. எப்படித் தொண்டையில இறங்குது?"

கடிதங்களை அவள் கையிலிருந்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பேரவையில் மூன்றாம் அத்தியாயம் வரை படித்தேன். தூதர் எழுந்து, கயிறு இற்றுப்போகிறது, இல்லாவிட்டால் சும்மா மணி அடிக்கிறது, இது பொறுப்பில்லாத ஊர் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். என் ஒரு வரியை வைத்து ஊரையே கிளப்பப்போகிறார்கள் என்று கண்ணெதிரே தெரிந்தது.

"அந்தக் கயிறு நல்லாத்தான் இருந்துச்சு. எண்ணிக்கிட்டு இருந்தவன் நான். நான்தான் ஓடினேன்" என்றேன்.

தலைவர் கேட்டார்: "இத இப்ப ஏன் சொல்றீங்க?"

"வரலாறு எழுதச் சொன்னீங்க. அது இதுதான்."

நீ எழுதியனுப்பிய ஏட்டு வரிகளைப் படித்துக் காட்டினேன். தலைவர் கடிதத்தை வாங்கி அந்த வரிகளைத் தானும் ஒரு முறை படித்தார். பிறகு, "நாப்பது வருஷம் படை நடத்தினேன். எங்க தப்பை நாங்க ஒரு நாளும் எழுதி வெச்சதில்ல" என்றார். அடுத்த மூச்சிலேயே என் பதவியைப் பறித்தார். அது நியாயம்தான். ஊரைப் பற்றி: அடுத்த புரளலில் உங்களை நீங்களே காப்பாற்றிக்கொண்டால் இருக்கலாம், இல்லாவிட்டால் சமவெளி.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

கயிறுக்காரரிடம் நான் என்ன சொல்ல? நீயே சொல். மூச்சு எப்படி இருக்கிறது? உடனே எழுது.

தம்பி


மேட்டு வயல், ஏழாம் கூடாரம்
அறுவடை மாதம், 21

அன்புத் தம்பிக்கு,

பதினைந்தாம் தேதி காலையில் அவன் புரண்டுவிட்டான்.

அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். அறையில் இருந்தது குயவரும் பள்ளி ஆசிரியையும். குயவருக்கு வீட்டில் நடக்கமுடியாத அப்பா. மூன்றாவது வளையம் தவறியதும் ஆசிரியை, "நீங்க போங்கண்ணே, நான் அடிக்கறேன்" என்றிருக்கிறாள். அவர் போனார், அவள் அடித்தாள். சும்மா ஒரு முறை மணி அடித்து மாவைப் புளிக்கவைத்தோமே, இந்தத் தடவை யாரும் அசையமாட்டார்களோ என்று எனக்கு உள்ளூரப் பயம் இருந்தது. ஈரத்தலையோடு தெருவுக்கு ஓடிவந்தால், எனக்கு முன்னால் ரொட்டிக்காரர் அடுப்புக் குழியை மூடிவிட்டு, பக்கத்து வீட்டுக் கிழவரைத் தூக்கிக்கொண்டு போகிறார். என்னைப் பார்த்து, "என்னக்கா, இவ்வளவு லேட்டா?" என்கிறார்!

மூன்றில் ஒரு பங்கு வீடுகள் இல்லை. மூச்சறையின் கூரை விழுந்துவிட்டது. மக்களை மூன்று முறை எண்ணினோம். பதினோராயிரத்து நானூற்று ஆறு. ஒருவர் குறையவில்லை தம்பி, ஒரே ஒருவர் கூடக் குறையவில்லை. நேற்று காலையில் ஒரு குழந்தை பிறந்து நானூற்று ஏழு ஆனது. காயம் ஒருவருக்குத்தான். கயிறுக்காரர் தான் திரித்த கயிற்றுச் சுருளிலேயே தடுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார்.

பேரவைக்கு நேற்றே எழுதிவிட்டோம். எட்டாம் நாள் ஏடு எழுத வேண்டும். மேட்டு வயலுக்கு வரும் பாதை குறுகல், சந்துமுனையில் நெரிசல். இந்தத் தடவை தவறு அது. புது ஊரில் இரண்டு பாதை.

உன் கடிதத்தைக் கயிறுக்காரரிடம் படித்துக் காட்டினேன். கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். தூங்கவில்லை.

"அவன என்ன செய்யலாம்?" என்று கேட்டேன்.

"மன்னிச்சிட்டேன்னு எழுதாத. அது எனக்கு இன்னும் வரல. ஆனா வரச் சொல்லு. மூச்சறையில உக்காரட்டும். எனக்குக் கால் கூடினதும் பக்கத்துல நான் உக்கார்றேன்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வரும்போது ஆணி கொண்டு வா. இங்கே எல்லோரும் ஆணி ஆணி என்று பறக்கிறார்கள்.

அக்கா


தலைநகரம்
பனி மாதம், 2

அக்கா,

நான்கு மூட்டை ஆணி. மூன்று பேர். வண்டி விடியற்காலையில் கிளம்புகிறது, இந்தக் கடிதத்துக்கு இரண்டு நாள் பின்னால் நாங்கள்.

தம்பி