பட்டன் போனில் வந்த படங்கள்

ஜூலை 15, செவ்வாய்

ஜெராக்ஸ் கடையில் கூட்டம் நெருக்கும்போது வீட்டுக்காரரிடமிருந்து மெசேஜ்.

  ~ ~
|__|)

பட்டன் போன் தெரியாமல் அழுந்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம். பேச்சு இல்லை, எழுத்தும் கூடிவரவில்லை. இடது கை மட்டும்தான் சொன்னபடி கேட்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். என்ன கோபம்?

ஜூலை 16, புதன்

கூட வேலை செய்யும் கீதாஞ்சலியிடம் காட்டினேன். "அக்கா, இது டீ கப்புக்கா! மேல ஆவி போவுது பாருங்க."

ஐந்து மாதமாக நாலு மணிக்குக் கஞ்சிதான். என்ன வேணும்னு ஒரு நாளாவது அவரைக் கேட்டேனா?

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் டீ போட்டு எடுத்துப் போனேன். "டீயா கேட்டீங்க?"

தலையாட்டினார். இரண்டு பேரும் அழுதோம். இரண்டு டம்ளர் குடித்தார்.

ஜூலை 20, ஞாயிறு

><(((o>

இன்று மீன் குழம்பு.

ஜூலை 27, ஞாயிறு

கீழ்பென்னாத்தூரிலிருந்து கொழுந்தன் திருமலை வந்திருந்தான். "அண்ணனுக்கு ஒண்ணும் புரியல அண்ணி. வேலைய வுட்டுட்டு ஊருக்கே வந்துடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றான், அவர் எதிரிலேயே. நல்ல மனசுதான். ஆனா அவர் காதுல விழுதே!

மெசேஜ்களைக் காட்டினேன். "ஏதோ தெரியாம அமுக்குறாரு அண்ணி."

போனைப் பையில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். தெரிஞ்சுதான் அனுப்புறாருன்னு ஏன் சொல்லாமல் போனேன்?

ஆகஸ்ட் 8, வெள்ளி. பௌர்ணமி

மதியம் மூன்று மணிக்கு:

o-<

தலை, உடம்பு, இரண்டு கால். மனுஷன். ஆனா படுத்துக் கெடக்கான்!

போன் செய்தால் "ஆ... ஆ..." மட்டும். வீட்டில் அவரோடு இருப்பது அத்தை ஒருத்தர்தான். கிரிவலக் கூட்டத்தில் எங்கள் வீடு இருக்கும் அடி அண்ணாமலைக்கு எந்த ஆட்டோவும் வரமாட்டேன் என்றது. வீட்டுக்கு எதிரே பூக்கடை வைத்திருக்கும் ரேணுகாம்பாளுக்குப் போன் போட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தாள். "உங்க மாமியார் பாத்ரூம்ல வுழுந்து கெடக்குறாங்கக்கா. மூச்சு இருக்குது." கிரிவலப் பாதையில் இருந்த மருத்துவ முகாமிலிருந்து நர்ஸைக் கையோடு இழுத்து வந்திருக்கிறாள். சர்க்கரை இறங்கிப்போச்சாம்.

பாதி ஓட்டம், பாதி நடையாக நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை கண் திறந்து, "எதுக்குடி வூட்ல இவ்ளோ கூட்டம்?" என்றார்.

ரேணுகாம்பாளுக்கு நன்றி. பெயர் கேட்க மறந்துபோன அந்த நர்ஸுக்கு நன்றி. வீட்டுக்காரருடைய அந்த ஒரு விரலுக்கு — என்னத்த எழுத!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

திருமலை வந்தான். அண்ணன் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, "எனக்குத்தாண்ணா புரியல" என்றான். ஊருக்கு வரச்சொல்லிப் பேச்சே எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

திருமலை அவருக்கு ஏதோ அனுப்பியிருக்கிறான். பத்து வரி, முழுக்கப் புள்ளியும் அடைப்புக்குறியும். மாடா, டிராக்டரா? எனக்குத் தெரியவில்லை.

அவர் பார்த்தார். சிரித்தார், சத்தமாக. என்னவோ ஏதோ என்று அத்தை உள்ளேயிருந்து வந்து நின்றார்.

பிறகு, நிதானமாக, அதற்கு ஒரு வாலைப் போட்டுத் திருப்பி அனுப்பினார்.