ஏழாவது புள்ளி

ஜனவரி 19, காளவாசல்

ஆய்வேட்டின் கடைசி இயல் முடிந்தது. படகுகள் நடுக்கடலில் இன்ஜினை அணைத்துவிட்டு ஜெபம் சொல்லும் பதினோரு இடங்களையும் வரைபடத்தில் குறித்துவிட்டேன். அரசுக்குக் கடலில் ஒரு எல்லைக்கோடு, மீனவர்களுக்குப் பதினோரு இடங்கள். ஏழாவது, படகுக்காரர் இன்னாசி அண்ணனின் தம்பி மூழ்கிய இடம். இலங்கை எல்லைக்கு அப்பால், கொஞ்ச தூரம்தான். வருடாவருடம் அங்கே போய் மாலை போடுகிறார். படகின் ஜி.பி.எஸ். எண்களை அவரே படித்துச் சொன்னார். “எழுதிக்க தங்கச்சி. அவன் கெடக்குற எடம் காயிதத்துலயாவது இருக்கட்டும்.”

பெயரை எடுத்துவிட்டு ‘அண்ணன் ஒருவர்’ என்று போட்டிருக்கிறேன். அது போதும்.

பிப்ரவரி 6

கருத்தரங்கில் நல்ல கைதட்டல். மீன்வளத்துறை அதிகாரி ஒருவர் வரைபடத்துக்கு நகல் கேட்டார். அங்கேயே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

மார்ச் 11

இன்னாசி அண்ணன் போன் செய்தார். எல்லை தாண்டியதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. படகு கடலுக்குப் போகக்கூடாது. நோட்டீஸோடு என் வரைபடம், ஏழாவது புள்ளியில் சிவப்பு வட்டம்.

தம்பிக்குக் கடலில் மாலை போடும் அண்ணன் அந்த ஊரில் எத்தனை பேர்? பெயரை எடுத்தாளாம் பெயரை. எனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?

மார்ச் 12

சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 24

இன்று மதுரையிலேயே விசாரணை. என் வழிகாட்டி துளசிராம் சார் நேற்றே சொல்லிவிட்டார்: “புள்ளி தப்புன்னு எழுதிக் குடுத்தா படகு தப்பிச்சிரும் பிருந்தா. ஆனா தீசிஸ் நிக்காதும்மா.”

தப்பு என்று சொல்லத்தான் போனேன்.

“நீங்க குறிச்சதுதானம்மா? சரியான எடந்தானா?” என்று அதிகாரி கேட்டார்.

“ஆமா சார்” என்றேன். இன்னாசி அண்ணன் பக்கத்தில்தான் நின்றார்.

வெளியே வந்ததும் கோரிப்பாளையத்தில் டீ வாங்கித் தந்தார் — அவர், எனக்கு. “நீ ஏன் பொய் சொல்லணும் தங்கச்சி. அவன் அங்கனதான கெடக்கான்.”

திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 17

இனி எல்லை தாண்டுவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு படகை விட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 9

ஆய்வேட்டுக்கு ஒப்புதல் வந்தது. அம்மா கேசரி கிண்டினாள்.

சாயங்காலம் இன்னாசி அண்ணன் பேசினார். இன்று தம்பி இறந்த நாள். “கோட்டுக்கு இந்தப் பக்கமே இன்ஜின நிப்பாட்டிட்டேன். மாலைய அங்கனயே விட்டேன். நீரோட்டம் படகுகிட்டயே கொண்டாந்து விட்டுருச்சு தங்கச்சி. மூணு தடவ விட்டேன், மூணு தடவயும்.”

போனை வைத்துவிட்டு ஆய்வேட்டைத் திறந்தேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வரி திருத்த வேண்டும். ஏழாவது இடத்தில் இப்போது யாரும் இன்ஜினை அணைப்பதில்லை.