திற்பரப்புக்கு மேலே

குழித்துறை
3-11-1952

என் பிரியமுள்ள ராகேல்,

இங்கே நானும் என் இருமலும் சுகம். இரணியலில் நீயும் உன் பிரம்பும் சுகம்தானே? கல்லூரி விட்டு இருபது வருஷமாகியும் கடிதத்துக்கு நான்தான் முந்த வேண்டியிருக்கிறது.

மூன்றாம் பாரம் வகுப்புப் பிள்ளைகளிடம் எங்கள் ஊர் ஆற்றை மனம்போல வரையச் சொன்னேன். பூங்கனி திற்பரப்பு அருவியில் ஆற்றைத் தொடங்கி, ‘தண்ணீர் பிறந்த வீடு’ என்று எழுதியிருந்தாள். குளிக்கப் போகிறவர்கள் யாரும் அருவிக்கு மேலே ஏறிப் பார்ப்பதில்லை. ஆறு அங்கேயே பிறப்பதாகத்தான் வகுப்பு முழுக்க நம்புகிறது. படம் அழகாக இருந்தது. நான் திருத்தவில்லை.

பள்ளி மானேஜர் செல்வதாஸ் அதைப் பார்த்துவிட்டார். “டீச்சரே, டிசம்பர் வாய்மொழிப் பரீட்சையில பாதிப்பேர் தோத்தா, பூகோளம் வேற ஆளுக்கு. நீங்க தையல் வகுப்புக்குப் போணும்” என்றார். பரீட்சை நடத்த உன்னைத்தான் அழைத்திருக்கிறார். உன்னிடம் இரக்கம் கேட்கவில்லை; நியாயம் கேட்கிறேன்.

உன்
சத்தியபாய்


இரணியல்
8-11-1952

சத்தியா,

நியாயம் கேட்டாய், வாங்கிக்கொள். பூங்கனிக்கு நான் சுழிதான் போடுவேன். “ஆறு அருவியில பிறக்குதுன்னா, அருவிக்கு வெள்ளம் எங்கேந்து வருது மக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டாயா? உனக்குத் திருத்த மனம் வரவில்லை. அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறாய். என் பிள்ளைகளை உறக்கத்தில் எழுப்பினாலும் ஆறுகளை வரிசையாகச் சொல்வார்கள்.

கோபித்துக்கொள். ஆனால் சுக்குக் கஷாயம் குடி.

ராகேல்


குழித்துறை
29-11-1952

ராகேல்,

கோபித்துக்கொண்டேன். பத்து நாள் உன் கடிதத்தைத் தொடவில்லை. பிறகு உன் கேள்வியையே வகுப்பில் கேட்டேன்.

“இல்ல டீச்சர், அங்கதான் பிறக்குது” என்றாள் பூங்கனி. “சரி, செய்து காட்டு” என்றேன். குளத்திலிருந்து களிமண் சுமந்து வந்து, முற்றத்தில் மலை முதல் தேங்காய்ப்பட்டணம் கடல்வரை செய்தார்கள். பூங்கனி அருவியை எல்லாவற்றுக்கும் உச்சியில் வைத்தாள். குடத்தைச் சாய்த்ததும் தண்ணீர் நாலு பக்கமும் ஓடியது.

“ஏட்டி, நாகர்கோயிலு முங்கிப் போச்சு. எங்க அத்தை வீடு அங்கயாக்கும்” என்று அன்னக்கிளி சிரித்தாள்.

பூங்கனி சிரிக்கவில்லை. “டீச்சர், அருவிக்கு மேல என்ன உண்டும்? எவ்வளவு பொக்கம்?” என்றாள்.

அப்போதுதான் உயரங்கள் குறித்த சர்வே படத்தை விரித்தேன். ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தாலும் ஏறாத உயரங்களை ஒரே மத்தியானத்தில் எழுதிக்கொண்டார்கள். முன்பே கொடுத்திருக்க வேண்டுமோ? கொடுத்திருந்தால் இப்படிக் கைநீட்டி வாங்கியிருப்பார்களோ? எனக்கே தெரியவில்லை.

பரீட்சைக்குப் பத்தாம் தேதி வா. கடுமையாகவே கேள்.

சத்தியபாய்


இரணியல்
18-12-1952

என் சத்தியாவுக்கு,

மானேஜர் முன்னால் சொல்ல முடியாததை எழுதுகிறேன். புத்தகக் கேள்விகளில் முப்பத்திரண்டு பேரில் முப்பது பேர் தேறினார்கள். அதோடு நான் எழுந்திருக்கலாம். உன்னைத் தோற்கடிக்கும் ஆசையில்தான், புத்தகத்தில் இல்லாததைப் பூங்கனியிடம் கேட்டேன்: “திற்பரப்புக்கு மேலே இருக்கிற பேச்சிப்பாறை அணையைக் கீழே கட்டியிருந்தா என்ன ஆகும்?”

அவள் முற்றத்துக்குப் போய், களிமண் ஆற்றைக் குறுக்கே அடைத்துக் குடத்தைச் சாய்த்தாள். “அருவி முங்கிப் போவும் டீச்சர். பின்ன நாங்க எங்க குளிக்க?” மானேஜர் வேட்டி நனைவது தெரியாமல் குனிந்து நின்றார். “தையலுக்கு வேற ஆளைத் தேடணும்” என்று அவர் முனகியது உன் காதில் விழுந்ததா?

திரும்பி வந்து அதே கேள்வியை என் பிள்ளைகளிடம் கேட்டேன். அணை கட்டிய வருஷத்தைச் சொன்னார்கள். தண்ணீர் எங்கே ஏறும் என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. குற்றம் அவர்களுடையதல்ல.

நேற்று இங்கேயும் களிமண் இறக்கினேன். நான் சொன்னபடி பிள்ளைகள் எங்கள் ஊர் வள்ளியாற்றை வளைத்தபோது ஒருத்தி எழுந்து, “இவ்வளவு வளைவாவா போவுது? நீங்க நடந்து பாத்தீங்களா டீச்சர்?” என்றாள்.

பார்க்கவில்லை. சனிக்கிழமை நாற்பது பேரும் கரையோடு நடக்கப் போகிறோம். காலை முதல் பஸ்ஸில் வந்துவிடு.

உன்
ராகேல்