சிம்மாசலம் மலையிலிருந்து தெரிந்த கப்பல்

மச்சான்,

இன்று காலை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் வெளியூர் பஸ் ஒன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய எனக்கும் என் மனைவிக்கும் முன்னால் வந்து நின்றது. சக்கரத்திலிருந்து பிரேக் லைனிங் தீய்ந்த நாற்றம். அது மூக்கில் ஏறியதும் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன். நாளைக்கு என் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யப் போகிறார்கள். அதற்கே நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பழைய பயமும் வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்போது வார்டில் கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பதில் போடுவாய் என்று எதிர்பார்க்கவில்லை. உயிரோடு இருந்தபோதே நீ யாருக்கும் ஒரு கார்டு போட்டவன் இல்லை.

ஊர் சுற்றிப் பார்க்க ஃபேக்டரியில் கொடுக்கும் எல்.டி.சி. லீவில், ஆவடி குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் சில சேர்ந்து விசாகப்பட்டினம் போனோமே, அந்த வருஷம் என் மகளுக்கு நடக்கத்தான் தெரியும், ஓடத் தெரியாது. வேன் உன்னுடையது. சேக்காட்டில் உன் வீட்டு வாசலில் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். மலை ஏறப் போகிறோம் என்று எனக்கு அப்போதே யோசனை. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் வாய்க்கால் கரைதான் உயரமான இடம். நீயோ பூந்தமல்லி ரோட்டைத் தவிர வேறு பெரிய ரோட்டில் ஓட்டாதவன். மலை என்றால் பல்லாவரத்தில் தூரத்திலிருந்து பார்த்திருப்பாய்.

ஆனால் வாய் இருக்கிறதே உனக்கு! அந்த ஊரில் நீயும் முதல் தடவைதான் கால் வைக்கிறாய். பிறந்து வளர்ந்தவன் போல ஒவ்வொன்றையும் கை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாய். டால்பின் மூக்கு என்கிற அந்தக் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்க, "அதோ பாரு, மூக்கு. கடலு அதுக்குக் கர்ச்சீப்பு" என்றாய். துறைமுகத்தை ஒட்டிய குன்றின் மேல் மாதா கோயில். அதில் ஏறி நின்றபோது கீழே கப்பல்கள் பொம்மை மாதிரி தெரிந்தன. எல்லாரும் விளிம்புக்குப் போனார்கள். நான் மட்டும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன்.

"இன்னா மாமே, பேயடிச்ச மாதிரி நிக்கிற? வந்து பாரு, எம்மாம் அழகா கீது" என்றாய்.

"நீ பாரு. நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்" என்றேன். என் மனைவி சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை சிம்மாசலம். சாமி பார்த்து முடித்து, வழியில் விற்ற அன்னாசிப் பழங்களை வாங்கி ஏற்றிக்கொண்டு இறங்கினோம். நான் உன் பக்கத்து சீட்டில். இறக்கம் தொடங்கியதும் நீ நியூட்ரலில் போட்டாய். "வண்டி தானா எறங்கும், டீசல் மிச்சம்" என்றாய். சமவெளியில் ஓட்டுகிறவர்களின் புத்தி அது. என்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக் மட்டும் தேய்ந்து தீய்ந்துபோகும், அந்த மலையில் அது எமன் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் அந்த நாற்றம் வந்தது. உன் காலைப் பார்த்தேன். பெடல் தரை வரை போய்விட்டது. மறுபடி மறுபடி மிதித்தாய். வண்டி கேட்கவில்லை. வலப்பக்கம் பள்ளம். பின்னால் என் மனைவி, மடியில் என் குழந்தை. அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை. "ஐயோ" என்று கத்த வாயைத் திறந்தேன்.

அதற்குள் நீ பேச ஆரம்பித்துவிட்டாய்.

"எல்லாரும் வலது பக்கம் பாருங்கோ! தூரத்துல கடலு தெரியுது! அந்தா, கப்பலு ஒண்ணு போய்கினு கீது!"

உன் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. வண்டி பறந்தது. வலப்பக்கம் தோப்பும் மரமும்தான். கடல் மலைக்கு அந்தப் புறம் இருந்தது. யாரோ "எங்கப்பா?" என்று கேட்டார்கள். "அந்தப் பெரிய மரத்துக்குப் பின்னாடி. வெள்ளைக் கப்பலு. நல்லா பாருங்கோ" என்றாய். உன் கை கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அப்போது பின்னாலிருந்து என் மனைவியின் குரல் பெரிதாகக் கேட்டது: "ஆமா, தெரியுது! எல்லாரும் பாருங்க, அதோ!" அவள் சொன்னதும் இன்னும் இரண்டு பேருக்குக் கப்பல் தெரிந்துவிட்டது. இவளைப் போய் ஏமாற்றுகிறானே என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு நினைப்பு.

கியர் நறநறவென்று விழுந்தது. என்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ரோடு வேலைக்காக மலையோரம் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் வண்டியைச் சொருகினாய். அன்னாசிப் பழங்கள் உருண்டன. வண்டி நின்றது.

"போட்டோ எடுக்கிறவங்க எறங்கி எடுத்துக்கோங்கோ" என்றாய்.

அவர்களும் இறங்கி எடுத்தார்கள். குவார்ட்டர்ஸில் எத்தனை வீட்டுச் சுவரில் இன்னும் அந்த ஜல்லிக் குவியல் தொங்குகிறது தெரியுமா? நீ மட்டும் வண்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"நீ பயப்படவே இல்லையேடா" என்றேன்.

"எவன் சொன்னான்? உசுரே இல்ல மாமே. பயமெல்லாம் முன்னாடி கண்ணாடிலதான் கீது. அத்த நாம பாத்துக்கலாம். அவங்களாவது சைடுல பாக்கட்டும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஊட்ல யாராண்டயும் சொல்லாத" என்றாய்.

சொல்லவில்லை. உன் காரியத்துக்கு வந்த அன்றும் சொல்லவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாய். உனக்கு யாரும் கப்பல் காட்ட வேண்டியிருக்கவில்லை.

இன்று காலை பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நெற்றி வியர்த்துக் கொட்டியது. வேலப்பன்சாவடியில் படியில் தொங்கிக்கொண்டு வந்த கல்லூரிப் பிள்ளைகள் இறங்கினார்கள். நம் வேனில் மடியில் உட்கார்ந்து வந்தவளும் இப்போது அங்கேதான் படிக்கிறாள். அவளை இனிப் பார்ப்பேனா என்று நினைத்தேன். அவ்வளவுதான், இறங்கி வீட்டுக்கே ஓடிவிடலாம் என்று பையை எடுத்தேன்.

என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, லாரி ஷெட்டுகளும் விளம்பரப் பலகையும் இருந்த பக்கமாகக் கை நீட்டினாள்.

"அதோ பாருங்க. வெள்ளைக் கப்பல்" என்றாள்.

திரும்பி அவளைப் பார்த்தேன். என் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை.

இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரியும், மச்சான். அன்றைக்கே தெரியும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்தேதான் "தெரியுது" என்று சொல்லியிருக்கிறாள். முன் கண்ணாடியைப் பார்த்தவர்கள் நாம் இரண்டு பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மூன்று பேர்.

பயம் போகவில்லை. நாளை காலை என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை அவள் கூட வருவாள். கதவுக்கு வெளியே நிற்கப்போகிறவளுக்குத்தான் என்னைவிடப் பயம் அதிகம் இருக்கும். அங்கே நான் எந்தப் பக்கம் கை நீட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.