நீ போட்ட காப்பு வட்டம்

நேற்று டப்பாவைத் திறந்ததும் காபித்தூள் வாசனைதான் முதலில் வந்தது. உள்ளே நம் பகடைகள். அடியில் மடித்த வரைபடம். அதில் என் வில்லாளியைச் சுற்றி நீ வரைந்த வட்டம், அதன்மேல் கிளிப்பில் உன் சிவப்பு அட்டை. பேனாவால் உன் பெயர். எட்டு மாதமாக அந்த டப்பாவைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிறு மதியங்களில் என் குவார்ட்டர்ஸ் சாப்பாட்டு மேசையில் ஆடுவோமே. கதையை ஜமால் நடத்துவான். நீயும் நானும், பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் செல்வியும் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி அரக்கர்களோடு மோதுவோம். உன் மந்திரக்காரி காப்பு வட்டம் போட்டால் உள்ளே எதுவும் நுழையாது. நாங்கள் அதற்குள் சொகுசாக இருந்துகொண்டு வெளியே அம்பு விட்டோம். தோற்கவே வழியில்லை. ஜமால் பகடையைக் கீழே வைத்துவிட்டான்.

"இப்பிடியே போனா அரக்கனுக்கு நான் லீவு எழுதிக் குடுத்துட வேண்டியதுதான்."

விதியை நீதான் திருத்தினாய். பவர் ஹவுஸில் கரண்ட் வேலை பார்த்தவள் அல்லவா, மறுவாரம் ஒரு சிவப்பு அட்டையோடு வந்தாய். "வேல செய்யறப்ப சுவிட்ச்ல அட்ட மாட்டினவதான் அதக் கழட்டணும். வேற யாரும் தொடக் கூடாது. வட்டமும் அப்பிடித்தான். உள்ள இருக்கிறவங்க வெளிய அடிக்கவும் முடியாது."

ஒரு மாதம் உன்னோடு மல்லுக்கு நின்றேன். "இது காப்பா, ஜெயிலா?"

"உசுரோட குந்திகினு இருக்கியேடி, அது போதாதா?" என்று சிரித்தாய். அதன் பிறகுதான் ஆட்டத்தில் பயம் வந்தது, ருசியும் வந்தது. அதை உன்னிடம் நான் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நீ வந்த கடைசி ஞாயிறு, இன்னும் ஓர் அடி விழுந்தால் என் வில்லாளி செத்திருப்பாள். நீ வட்டம் போட்டு அட்டையை மாட்டினாய். "ஷிப்டுக்கு நேரமாச்சு. அடுத்த வாரம் வந்து எடுக்கறேன்." அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் நீ இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

நேற்று மூவரும் மறுபடி உட்கார்ந்தோம். ஜமால் மெதுவாகக் கேட்டான். "அட்டைய எடுத்துடலாமா? விதிய மாத்திடறேன்."

இரண்டு வருடம் ஆடி வளர்த்தவள் அந்த வில்லாளி. கை அட்டைவரை போனது. விதிக்காகச் சண்டை போட நீ இல்லாத நாளில் ஜெயிக்க எனக்கு மனம் வரவில்லை. "அவ அங்கியே இருக்கட்டும்" என்றேன்.

எனக்குப் புதிதாக ஒரு மந்திரக்காரியை எழுதிக்கொண்டேன். செல்வியின் வீராங்கனைக்கு வட்டம் போட்டு, ஒரு அட்டைத் துண்டில் என் பெயரை எழுதி மாட்டினேன். செல்வி என்னையே பார்த்தாள். "அடுத்த வாரம் வருவல்ல?"

வருவேன் என்றேன். ஆனாலும் மேசையை விட்டு எழும் முன், என் அட்டையை நானே கழற்றிவிட்டேன்.