வலது கால் செருப்பு

அன்புள்ள ஷூஃபென்,

நான் சுகம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா?

கடல் அலை ஆற்றில் எதிரேறி வரும் நாளென்று, அதைப் பார்க்க நானும் அறைத்தோழன் சூயும் ஆற்றங்கரை லியூஹே கோபுரத்துக்குப் போயிருந்தோம். மேல்தளத்தில் ஒரே நெரிசல். அலை கடந்துபோனதும், இனி ஒன்றுமில்லை என்று நான் கரையில் இறங்கி நின்றேன். காவலர் ஒலிபெருக்கியில் கத்தினார்: "யோவ், மேல ஏறுய்யா! போன அலை அணையில முட்டித் திரும்பி வருது!"

வந்துவிட்டது. முழங்கால்வரைதான் நனைந்தேன், பயப்படாதே. நீ தைத்த துணிச்செருப்பில் ஒன்றை மட்டும் ஆறு இழுத்துக்கொண்டது. சூய் சிரிக்கிறான்: "மிச்சத்தையும் வீசிட்டு வாடா, கடையில கிடைக்காததா?"

வீசவில்லை. தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது. வலது காலுக்கு மட்டும் ஒன்று தைத்து அனுப்பு. புத்தாண்டுக்கு ஜோடியாகப் போட்டுக்கொண்டு வருகிறேன்.

உன்
கெங்ஷெங்